இளங்கலையில் தொல்லியல்: மண்ணைத் தொடாத மூன்று ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காகத் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் வழிகாட்டிப் பக்கத்தில், கீழடிக்குப் பிறகு தொல்லியல் மீது மாணவர்களுக்கு ஆர்வம் பெருகியிருப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆர்வத்தோடு கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பதை, தாண்டிக்குடிப் பக்கம் சிறு காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தகப்பனாக இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

தொல்லியலுக்கென்றே தனி இளங்கலைப் பட்டம் எளிதில் கிடைக்காததால், என் மகள் சமவெளியில் உள்ள ஒரு கல்லூரியில் வரலாறு எடுத்து, அதில் வரும் ஒற்றைத் தொல்லியல் தாளை நம்பிச் சேர்ந்தாள். அந்தத் தாளும் குறிப்பெழுதி மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிட்டது. காலவாரியாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணடுக்கு என்றால் என்ன என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு வகுப்பே விடை எழுதியது; ஆனால் வெட்டிய அகழாய்வுக் குழி ஒன்றின் ஓரத்தில் அந்த வகுப்பு ஒருநாள்கூட நின்றதில்லை. அன்று இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1944இல் தட்சசீலத்தில் மாணவர்களைக் களத்தில் இறக்கித்தான் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டே புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். எண்பது ஆண்டு கழித்து, நாம் அவர் பெயரைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் உண்மையில் கற்றது, கைக்காசு செலவழித்துப் போய்வந்த ஒரு பயிற்சி முகாமில்தான். கன்றுக்குக் குழி எடுத்தபோது எங்கள் தோட்டத்தில் கிடைத்த, என் உள்ளங்கையில் பாதிகூட வராத பானை ஓட்டுத் துண்டு ஒன்றை, அங்கே கற்றபடி, ஒரே மையத்தில் பல வட்டங்கள் வரைந்த தாளின் மீது வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். விளிம்பின் வளைவு எந்த வட்டத்தோடு ஒட்டி நிற்கிறதோ அதுதான் பானை வாயின் அளவாம். பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்து, வெளிப்புறம் மட்டும் சிவந்தது என்றும் சொன்னாள். இத்தனை காலம் இப்படிப்பட்ட துண்டுகளை மண்வெட்டியால் ஒதுக்கித் தள்ளியவன் நான்.

பழனி மலையில் இப்படிப்பட்ட பழந்தடயங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலேட் என்ற யேசு சபைத் துறவி, நியூட்டன் என்ற மற்றொரு துறவியுடன் சேர்ந்து இம்மலையின் கல்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்கால ஈமச்சின்னங்களைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இலேயே வெளியிட்டது. தாண்டிக்குடியிலும், பின்னர் மலையடிவாரத்தில் பழனிக்கு அருகே பொருந்தலிலும் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் அகழாய்வுகள் நடந்தன. பொருந்தலில் ஒரு ஈமக்குழியின் நான்கு கால் சாடிக்குள் இருந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்தில் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியதில், கி.மு. 490 என்ற காலம் கிடைத்தது. அந்த ஆண்டை ஒப்பிக்கும் வரலாற்று மாணவருக்குக் கரிமம் எப்படிக் காலம் காட்டுகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் புரிந்துகொள்ளக்கூடிய அறிவியல் பிரிவுப் பிள்ளையையோ, வரலாறு படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டே பெற்றோர் திருப்பிவிடுகிறோம். நானும் கேட்டவன்தான்.

அகழாய்வுக்கு 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால் மாணவர்களைத் தோண்ட அனுப்ப முடியாது என்று கல்லூரிகள் சொல்லலாம். தோண்டவே வேண்டாம். இடத்தைக் குறித்து, அளந்து, வரைந்து, படமெடுத்து வைப்பதுதான் முதல் பாடம், அதற்கு நாடாவும் வரைபடத் தாளும் போதும். சென்ற கோடை விடுமுறையில் பக்கத்துத் தோட்டத்துக் கல்திட்டை ஒன்றை என் மகள் அப்படி அளந்து வரைந்தாள். மழை முடிந்து காப்பி காயப்போடக் களம் சமன்செய்தபோது, அதன் மூடுகல்லை ஜேசிபி புரட்டி உடைத்துவிட்டது. தோட்டக்காரரையும் குறைசொல்ல மனம் வரவில்லை. அது இன்னதென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. இன்று அக்கல்திட்டைக்கு எனக்குத் தெரிந்து மிஞ்சியிருக்கும் பதிவு அவளுடைய அந்த ஒற்றைத் தாள்தான்.

மத்திய தொல்லியல் நிறுவனத்தின் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கான அறிவிப்பில், தகுதியான மொழிப் பாடங்களின் வரிசையில் 2020இல் தமிழ் விடுபட்டபோது தமிழ்நாடே குரல் எழுப்பி அதைச் சேர்க்க வைத்தது. முதுகலை முடித்த பிறகு நுழையும் அந்த வாசலுக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது, பதினெட்டு வயதில் நுழையும் இளங்கலை வாசலுக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். திண்டுக்கல், நீலகிரி மாவட்டக் கல்லூரிகளிலாவது வரலாற்றுத் துறையும் வேதியியல், நிலவியல், தாவரவியல் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் கள ஆய்வுத் தாள் ஒன்றை, மதிப்பெண்ணோடு பாடத்திட்டத்தில் வைக்கலாம்.

எந்தக் கல்லூரியாவது முன்வந்தால், எங்கள் தோட்டத்தில் இன்னும் அளக்காத கல்திட்டைகள் இரண்டு இருக்கின்றன. மாணவர்கள் தாராளமாக வரலாம், சாப்பாடு எங்கள் பொறுப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் வந்துவிட்டால் அட்டைக்கடியும் அவ்வளவாக இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.