இணையவழித் தொழிலாளர் உரிமை குறித்துத் தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு மாலை, தம்புச் செட்டித் தெருவிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வியாசர்பாடியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். நான்கு ஆண்டுகளாக உணவு டெலிவரி செய்தவர். "ஐடியை பிளாக் பண்ணிட்டாங்க சார், யாரைக் கேக்கறதுன்னே தெரியல" என்று கைப்பேசியை மேசைமேல் வைத்தார். கீறல் விழுந்த திரையில் கணக்கு முடக்கப்பட்டதாக ஒற்றை வரி இருந்தது. காரணமும் இல்லை, முறையிட ஒரு மனிதரின் பெயரும் இல்லை. வண்டிக்கான மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை.

உயர் நீதிமன்றம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் அவருக்காக, பெரும்பாலும் அரசுக்கு எதிராகவே தொடரப்படும் நீதிப்பேராணை (ரிட்) மனு எழுத என் கை தயங்கியது. அரசு ஊழியர் ஒருவரை விளக்கம் கேளாமல் நீக்கினால் அந்த ஆணை நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் இவரை முடக்கியதோ தனியார் நிறுவனம்; அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை 12-ஆவது பிரிவு வரையறுக்கும் 'அரசை' நோக்கியே எழுதப்பட்டவை. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆவது பிரிவும் தனியாரையும் கட்டுப்படுத்துகின்றன என்பது உண்மை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. பேச்சு, தொழில் முதலிய சுதந்திரங்களைத் தரும் 19-ஆவது பிரிவையும், உயிர்வாழும் உரிமையைத் தரும் 21-ஆவது பிரிவையும் தனியாருக்கு எதிராக நிலைநாட்டலாம் என்று கௌஷல் கிஷோர் வழக்கில் 2023 ஜனவரியில் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். ஆனால் முதலீடு ஒரு நாட்டிலும், சர்வர் வேறொரு நாட்டிலும், உழைப்பு மட்டும் வியாசர்பாடியிலும் இருக்கும்போது, தினக்கூலியை நம்பி வாழ்பவர் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் வழக்கு நடத்த முடியும்?

இந்த இடைவெளியை அடைக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. தொழிலாளர் நலம், மத்திய அரசும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ளது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது இதே பேரவைதான். செயலிகள் வழியே டெலிவரி போன்ற வேலைகளைச் செய்யும் இணையவழித் தொழிலாளர்களுக்கென 2023-இல் நல வாரியமும் அமைக்கப்பட்டது. அதை மனமார வரவேற்கிறேன். எனினும், விபத்துக்கு உதவித்தொகை பெறுவது வேறு, வேலை பறிபோகும்போது 'என் தரப்பைக் கேளுங்கள்' என்று சொல்லும் உரிமை வேறு. கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டம், பணிநீக்கத்துக்கு எழுத்துவடிவில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்கிறது. நாமோ இன்னும் அதுவரை வரவில்லை.

ஆகவே, கணக்கை முடக்கும் முன் தமிழில் காரணம் தெரிவிக்கவும், முறையீட்டைக் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற ஓர் அலுவலரைத் தமிழ்நாட்டிலேயே அமர்த்தவும், நிலுவைத் தொகையை உடனே கொடுக்கவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த இளைஞருக்காக நாங்கள் அனுப்பிய வக்கீல் நோட்டீஸுக்கு இன்றுவரை பதில் இல்லை.

இப்படிக்கு,
உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்,
சென்னை