கத்திக்கு முன்னால் ஒரு குழாய் ரத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் இதழில் குழந்தையின்மை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் பெண்களுக்கே போய்விட்டது. கருக்குழாய் அடைப்பு, நீர்க்கட்டி, தைராய்டு, உடல் எடை என்று ஒன்றும் பாக்கியில்லை. ஆணுக்கு ஒரே ஒரு பத்தி. அதில் புகை, மது, இறுக்கமான உள்ளாடை. சரி, அதெல்லாம் தப்பில்லை. ஆனால் விந்தில் ஒரு அணுகூட இல்லாதவனிடம் போய் ஜட்டியை மாற்று என்றால் என்ன ஆகப்போகிறது?

நான் தக்கலைப் பக்கம் 31 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவன். "எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண், பெண்பிள்ளை பிறந்ததற்கு அம்மாவைத் திட்டாதீர்கள்" என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒய் குரோமோசோமுக்கு அதோடு வேலை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விந்தணு உண்டாவதற்கு வேண்டிய மரபணுக்கள் சில அதிலேயே இருக்கின்றன என்பதை என் தங்கை மகன் விஷயத்தில்தான் ஒழுங்காகப் படித்தேன்.

அவனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். எந்த வீட்டுக்குப் போனாலும் "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி அவன் மனைவியிடம்தான் வரும். அவளும் ஆவணி ஞாயிறுகளில் நாகர்கோவில் போய் நாகருக்குப் பால் ஊற்றி மஞ்சள் போட்டு வந்தாள். அவளுக்கு எல்லா டெஸ்டும் எடுத்து முடித்து, நான்காவது வருடம்தான் இவன் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் ரப்பர் விலை பேசிக்கொண்டிருந்தான். "என்ன மக்களே, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் எடுத்து நீட்டினான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லி விந்தில் 1.6 கோடி அணு என்பது கீழ் எல்லை. இவனுக்கு அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'நில்' என்று போட்டிருந்தது. தமிழில் வாசித்தாலும் அன்றைக்கு அதே அர்த்தம்தான்.

அப்புறம் மூன்று மாதம் லேகியம். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பது மருத்துவர்களும் சொல்வதுதான். லேகியக்காரர் அந்தக் கணக்கை எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் விரையைத் திறந்து விந்தணு தேடும் அறுவை. சீட்டுப் பணம் முழுதும் அதில் போனது. ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் இன்னொரு மருத்துவர்தான் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒய் குரோமோசோமில் ஏ.இசட்.எஃப்.-பி என்ற பகுதி முழுதாகக் காணோம் என்று பதில் வந்தது. அந்தப் பகுதி முழுதாகப் போயிருந்தால் அறுவையில் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. கத்தி வைப்பதற்கு முன்பே ஒரு குழாய் ரத்தம் சொல்லியிருக்கும். யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1976இல் இத்தாலியில் விந்தணு இல்லாத ஆறு ஆண்களின் ஒய் குரோமோசோம் நுனி குறைந்திருப்பதைக் கண்டார்கள். பின்னால் விந்தணுவுக்கு வேண்டிய அந்த இடத்தை ஏ.இசட்.எஃப். என்று சொல்லி, ஏ, பி, சி என்று மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். சி பகுதியில் இருக்கும் 'டாஸ்' மரபணுவை 1995இல் அடையாளம் கண்டார்கள். ஏ அல்லது பி முழுதாக இல்லையென்றால் அறுவை வீண். சி மட்டும் இல்லையென்றால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விரைக்குள் கொஞ்சம் விந்தணு கிடைக்கும். அதை முட்டைக்குள் ஊசியால் செலுத்திக் குழந்தை பெறலாம். ஆனால் பிறப்பது ஆணானால் அவனுக்கும் அதே குறை போகும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாதையில் அடைப்பு இல்லாமலே விந்தணு வராதவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஒய்யில் இப்படி ஏதாவது விட்டுப்போயிருக்கும்.

"நம்ம குடும்பத்துல யாருக்கும் அப்படி இல்லையே அண்ணா" என்று தங்கை அழுதாள். இருக்க வேண்டியதில்லை. ஒய்யில் ஒரே மாதிரியான டி.என்.ஏ. எழுத்துத் தொடர்கள் பல இடத்தில் திரும்பத் திரும்ப வரும். ஏட்டைப் பார்த்துப் பெயர்த்து எழுதுகிறவர் ஒரே மாதிரி இரண்டு வரியைக் கண்டு, முதல் வரியிலிருந்து இரண்டாவதுக்குத் தாவினால் நடுவில் உள்ளது விடுபட்டுப் போகும் அல்லவா, அதேபோலத்தான். அப்பாவிடம் முழுதாக இருந்தது மகனிடம் வரும்போது விட்டுப்போகிறது. இதில் யார் செய்த பாவம், எந்த நாகதோஷம்?

கூடுதலாக ஒரு எக்ஸ் இருப்பதும் ஒரு காரணம். சுமார் 600 ஆண்களில் ஒருவர் எக்ஸ்-எக்ஸ்-ஒய் அமைப்போடு பிறக்கிறார். கிளைன்ஃபெல்ட்டர் என்ற மருத்துவர் இதை 1942இல் விவரித்தார், குரோமோசோம் காரணம் 1959இல் தெரிந்தது. பலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கவுண்ட் பார்க்கும்போதுதான் தெரியவரும். அவர்களிலும் கணிசமான பேருக்கு அறுவையில் விந்தணு கிடைக்கிறது.

எக்ஸிலும் விந்தணுவுக்கு வேண்டிய மரபணுக்கள் உண்டு. டெக்ஸ்-11 என்ற ஒன்று பழுதானால் உற்பத்தி நடுவழியில் நின்றுவிடுவதை 2015இல் காட்டினார்கள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மா வழி வருவது. இதைப் பெரிதாகப் போட்டுவிடாதீர்கள், மாமியார் தலையில் புதுப்பழி விழும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த வாரம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். டெஸ்ட் எடுப்பதென்றால் இருவருக்கும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லுங்கள். 'நில்' என்று வந்தால் திரும்ப ஒருமுறை பார்த்து, பாதையில் அடைப்பா என்று பார்த்து, ஹார்மோன், குரோமோசோம், ஒய் பரிசோதனை மூன்றும் முடிந்த பிறகே அறுவை பற்றிப் பேச வேண்டும் என்று கட்டம் கட்டிப் போடுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலிருந்தே ஒரு மருத்துவரை எழுதச் சொல்லலாம். நம்மூர் ஆள் சொன்னால் நம்மூர்க்காரர் கேட்பார்கள்.

தங்கை மகனும் அவன் மனைவியும் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை அவர்கள் வாசித்துச் சரி சொன்ன பிறகே அனுப்புகிறேன். என் பெயரை மட்டும் போட வேண்டாம். பெயரைப் பார்த்தால் மருமகன் யாரென்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்