கைவிட்டவர்கள் நாங்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வேளாண் கட்டுரையில், ‘விளைச்சல் குறைவென்பதால் பாரம்பரிய நெல் ரகங்களை உழவர்களே கைவிட்டனர், இன்று அவை வசதி படைத்தோரின் மோகம்’ என்று ஒரு வரி வந்திருந்தது. என் மாமனார் காலத்திலிருந்து தங்கள் இதழை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். அந்த வரி என்னை மிகவும் புண்படுத்திவிட்டது.

திருத்துறைப்பூண்டி வட்டத்தில் மூன்றரை ஏக்கரில் பயிர் செய்கிறேன். 1966-இல் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் ரகம் வெளிவந்ததும் அதன் பிறகு குட்டை ரகங்கள் டெல்டா முழுவதும் பரவியதும் தாங்கள் அறியாததன்று. எங்கள் ஊருக்கு விதையும் உரமும் கடனும் ஒரே வண்டியில் வந்ததாக மாமனார் சொல்வார். யூரியா இட்டால் நெட்டை நெல் கதிர் முற்றும் முன்பே சாய்ந்துவிடும். குட்டை நெல் அதைத் தாங்கி நின்றது. கடன் கிடைத்தது அந்த நெல்லுக்கு, கொள்முதல் ஆனதும் அந்த நெல், மில்லில் அரைபட்டதும் அந்த நெல் என்றான பிறகு, பத்தாயத்தில் இருந்த குடவாழை என்ற பாரம்பரிய நெல் விதையை அவர் எத்தனை ஆண்டுகள்தான் காப்பாற்றியிருக்க முடியும்? கடைசி விதையையும் வேறு வழியின்றி அவித்துச் சோறாக்கிய நாளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும். அதைக் ‘கைவிட்டனர்’ என்று தங்கள் கட்டுரையாளர் எழுதுகிறார்.

விளைச்சல் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளைச் சம்பா எனக்கு ஏக்கருக்கு 17, 18 மூட்டைதான் கண்டுமுதல் ஆகிறது. பக்கத்து வயலின் புதிய ரகம் நல்ல ஆண்டில் 30 மூட்டையைத் தாண்டுகிறது. ஆனால் உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நான் தர வேண்டிய பாக்கி ஒன்றுமில்லை என்பதையும், இடுப்புக்கு மேல் வளரும் அந்தத் தாளின் வைக்கோல் இரண்டு பசுக்களுக்கு ஆண்டு முழுவதும் தீவனமாகிறது என்பதையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையில் எங்கள் வயல்கள் ஐந்து நாள் நீரில் கிடந்தன. வடிந்தபோது குட்டைப் பயிர் சேற்றோடு அழுகி நாறியது. அரை ஏக்கரில் விதைத்திருந்த காட்டுயாணம் என்ற நெட்டைப் பாரம்பரிய நெல் மட்டும் நுனி பசுமையாக நீருக்கு மேல் நின்றது. அது 180 நாள் பயிர் என்பதால், ஜனவரி மழையில் மற்றவர்களின் முற்றிய கதிர்கள் வயலிலேயே முளைவிட்டபோதும் அது தப்பியது. பிப்ரவரியில் அதை அறுக்கும்போது என் தலைக்கு மேல் உயரம் இருந்தது. மாப்பிள்ளைச் சம்பாவில் ஒரு பகுதி சாய்ந்து போனதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா நெல்லும் எல்லா மழையையும் தாங்கும் என்று நான் வாதிடவில்லை. பள்ளத்துக்கு ஒரு ரகம், மேட்டுக்கு ஒரு ரகம் என்று முன்னோர் வைத்திருந்ததன் காரணம் இதுதான் என்கிறேன்.

‘மோகம்’ என்ற சொல்லையும் என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் வீட்டில் இரவு மீந்த மாப்பிள்ளைச் சம்பாச் சோற்றில் நீர் ஊற்றி வைத்தால், விடியற்காலையில் அந்த நீராகாரம் இளஞ்சிவப்பாக இருக்கும். அதில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டு வயலில் இறங்குபவர்கள் உச்சிப்பொழுது வரை பசி என்று சொல்வதில்லை. என் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று மாதம் பூங்கார் என்ற பாரம்பரிய அரிசியின் கஞ்சிதான் கொடுத்தோம். தவிட்டோடு உண்ணும் அரிசியில் நாரும் உயிர்ச்சத்தும் தங்குகின்றன, தீட்டித் தீட்டி வெள்ளையாக்கும்போது அவை தவிட்டோடு போய்விடுகின்றன என்பது பள்ளிப் பாடத்திலேயே உள்ளது. சில மாதங்களுக்கு முன் தங்கள் இதழே, கருப்புக் கவுனி உண்டால் சர்க்கரை நோய் நீங்கிவிடும் என்று எழுதியது. அது அரிசிதான், அளவோடுதான் உண்ண வேண்டும் என்று அப்போதே கடிதம் எழுதினேன், வெளியாகவில்லை. செட்டிநாட்டுத் திருமணங்களில் இனிப்பாகப் பரிமாறப்படும் அந்தக் கவுனியைச் சீனப் பேரரசர்களின் அரிசி என்று மட்டும் அறிமுகப்படுத்திய சமையல் குறிப்பும் தங்கள் பக்கங்களில்தான் வந்தது. ஒரு வாரம் மருந்து, மறு வாரம் மோகம் என்று எழுதினால், விளைவிப்பவர்கள் எதைச் சொல்லி விற்பது?

விற்பதுதான் எங்கள் பெரும் துயரம். ஒருமுறை கொள்முதல் நிலையத்தில் எட்டு மூட்டையை இறக்கிய பிறகு, சிவப்பரிசி மற்ற நெல்லோடு கலந்துவிடும் என்று திருப்பி அனுப்பினார்கள். மில்லிலும் அதையே சொல்லி, குறைந்தது ஒரு லாரி நெல் கொண்டுவரச் சொன்னார்கள். உமியை மட்டும் நீக்கித் தரும் சிறிய இயந்திரம் இருக்கும் ஊருக்குச் சென்றுவர எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆகிறது. இவற்றில் ஒன்றைக்கூடத் தங்கள் கட்டுரையாளர் விசாரிக்கவில்லை.

எங்கள் பகுதி ஊரான ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். 2018-இல் அவர் மறைவதற்குள் 174 ரகங்கள் மீண்டன. அந்த விதைகளை ஆண்டுதோறும் வாங்கிச் சென்று, விதைத்து, இரட்டிப்பாகத் திருப்பித் தந்தவர்கள் உழவர்களே. என் காட்டுயாணமும் அப்படி வந்த 2 கிலோதான். 4 கிலோவை மறு ஆண்டே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. ‘கைவிட்டனர்’ என்பதற்குப் பதிலாக ‘கைவிட நேர்ந்தது’ என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அத்துடன், எந்தெந்த ஊரில் எந்த ரக விதை கிடைக்கும், சிறிய அளவில் அரைத்துத் தருவோர் எங்கே உள்ளனர் என்ற விவரத்தை ஒரு கால் பக்கத்தில் தாருங்கள். வைகாசிக்குள் வந்துவிட்டால், ஆடியில் விதைக்க எண்ணுபவர்கள் விதை தேடிப் போக அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம்