டச்சில் தோற்ற கதை

பிரஸ்ஸல்ஸ்
ஞாயிறு மதியம்

அன்புள்ள செல்வி,

திட்டாதே. எட்டு மாதம் ஆயிற்று, தெரியும். நீ தினமும் அனுப்பும் குட் மார்னிங் ரோஜாப்பூ எல்லாவற்றையும் பார்த்தேன், பதில்தான் போடவில்லை. பொங்கலுக்கு எழுதுகிறேன் பேர்வழி என்று ஆரம்பித்த கடிதம் 'அன்புள்ள செல்வி' என்ற இரண்டு வார்த்தையோடு டிராயரில் கிடந்தது. அதே தாளில்தான் எழுதுகிறேன். தாளை வீணாக்கக் கூடாது என்று லட்சுமியக்கா சொல்வார்கள் இல்லையா.

அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கு நன்றி. யாழினி பன்னிரண்டாவது பரீட்சை எப்படி எழுதினாள்? சட்டம் படிக்கிறேன் என்றால் காலை உடைத்துப் போடு. லட்சுமியக்கா மெஸ்ஸை மூடிவிட்டதாகக் கலா சொன்னாள். நிஜமா? நம் பாக்கி நூற்று நாற்பது ரூபாயை இனி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஃபெயிலாகிவிட்டேன்.

சிரித்து முடி, காத்திருக்கிறேன். நாற்பத்தாறு வயதில், டச்சு வாய்மொழித் தேர்வில். வேலை நிரந்தரமானபோது கொடுத்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது: ஐந்து வருடத்துக்குள் டச்சில் பி2 நிலை, அதாவது நடுத்தரத்துக்கு ஒரு படி மேல், தேற வேண்டும். நான் சட்டப் பாடம் எடுப்பது முழுக்க ஆங்கிலத்தில். ஐந்து வருடம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டேன். நாலு வருடம் எங்கே போனது என்று தெரியவில்லை. படித்தல், கேட்டல், எழுதுதல் மூன்றிலும் தேறிவிட்டேன். வாயைத் திறந்ததும் போயிற்று.

போன விதத்தைக் கேள். சின்ன அறை, இரண்டு பெண்கள், மேஜையில் ஒரு ரெக்கார்டர், ஒரு கிண்ணத்தில் பெப்பர்மின்ட். ஒரு அட்டையைத் திருப்பிக் காட்டினார்கள். சந்தைச் சதுக்கத்தில் நகராட்சி கண்காணிப்புக் கேமரா வைக்கப் போகிறது, உங்கள் கருத்தை இரண்டு நிமிடம் சொல்லுங்கள் என்றார்கள். செல்வி, பத்து வருடமாக நான் சோறு தின்பதே இந்தக் கேள்வியை வைத்துத்தான்! ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் அந்தரங்க உரிமையைச் சொல்லும் எட்டாவது பிரிவு, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், எத்தனை நாள் பதிவை வைத்திருக்கலாம், எல்லாம் தொண்டை வரை வந்து நிற்கிறது. வெளியே வந்தது என்ன தெரியுமா? "கேமரா கெட்டது. ஆள் பாவம். ஆள் சும்மா நடக்கிறான்." இவ்வளவுதான். தரவுப் பாதுகாப்புக்கு டச்சில் 'ஹெஹேவன்ஸ்பெஸ்ஹெர்மிங்' என்பார்கள். அது மட்டும் சுத்தமாக வந்தது, என் அறைக் கதவிலேயே எழுதியிருப்பதால். ஒரு பெண் ஆறுதலாகப் பெப்பர்மின்ட் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

இதில் எனக்கு வலித்தது தோல்வி இல்லை. குரூனர் வழக்கு ஞாபகம் இருக்கிறதா, போன முறை வந்தபோது உன் வீட்டு மாடியில் உட்கார்ந்து உயிரை வாங்கினேனே? மறந்திருப்பாய், மறுபடி வாங்குகிறேன். நெதர்லாந்துக்காரப் பெண் ஒருவர். 1982-லிருந்து டப்ளினில் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாக ஓவியம் சொல்லிக்கொடுத்தார். 1984-ல் முழுநேர வேலைக்கு விண்ணப்பித்தார். ஐரிஷ் மொழி தெரிய வேண்டும் என்றார்கள். நாலு வாரம் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினார், தேறவில்லை. அந்தக் கல்லூரியில் பாடம் நடப்பது ஆங்கிலத்தில். ஐரிஷுக்கும் வர்ணம் பூசுவதற்கும் என்ன சம்பந்தம்? கேஸ் லக்சம்பர்க் வரை போனது. 1989 நவம்பர் 28-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு நாடு தன் மொழியை வளர்க்க நினைப்பது நியாயம், ஆசிரியருடைய பங்கு வகுப்போடு முடிவதில்லை, பள்ளியின் அன்றாட வாழ்க்கையிலும் மாணவர்களோடு பழகுவதிலும் இருக்கிறது, நிபந்தனை அளவுக்கு மீறாமல் இருந்தால் சரி என்றது. அந்த மொழியை எங்கள் நாட்டில்தான் கற்றிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கக் கூடாது, அவ்வளவே.

வருடா வருடம் அக்டோபரில் இந்த வழக்கை எடுக்கிறேன். வருடா வருடம் பிள்ளைகள் அந்த ஓவிய ஆசிரியைக்காகக் கொதிப்பார்கள், நான் மட்டும் தீர்ப்பின் பக்கம் நின்று வாதாடுவேன். ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்கிற ஒவ்வொருவருக்கும் விலக்குக் கொடுத்தால், சின்ன மொழிக்கு மேடையில் வாழ்த்துப் பாடும் வேலைதான் மிஞ்சும் என்பேன். நானும் நீயும் வேறெப்படிப் பேசுவோம், சொல்லு? டச்சுக்காரி ஐரிஷில் தோற்றதற்கு அத்தனை வருடம் நியாயம் பேசிய தமிழச்சி இப்போது டச்சில் தோற்றுவிட்டாள். சனி பகவானுக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் அதிகம்தான்.

முடிவு வந்த அன்று ராத்திரி முழுக்க அந்தத் தீர்ப்பில் ஓட்டை தேடினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. எங்கள் துறையில் மதியம் ஏழெட்டுப் பேர் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். டச்சில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்ததும் மேஜையே ஆங்கிலத்துக்கு மாறும். பாதியில் நிற்கிற ஜோக்கைக்கூட ஒருவர் எனக்காக ஆங்கிலத்தில் முடிப்பார், ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். நாலு வருடமாக இதை மரியாதை என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருத்திக்காக ஏழு பேர் தங்கள் வீட்டிலேயே செருப்பைக் கழற்றி வெளியே நிற்கிற மாதிரி. தீர்ப்பு சரிதான். அதுதான் எரிச்சல்.

இந்த ஊர்க்காரர்களுக்கு மொழி விஷயத்தில் தோல் மெல்லிசு, காரணமும் உண்டு. பக்கத்தில் லூவன் என்று ஒரு ஊர். 1968-ல் பிரெஞ்சு பேசுகிறவர்கள் வெளியேற வேண்டும் என்று டச்சு பேசுகிறவர்கள் தெருவில் இறங்கிப் பல்கலைக்கழகத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். அரசாங்கமே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பக்கத்துக்காக வயல்வெளியில் புது ஊரே கட்டினார்கள். நூலகத்தை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? ஒற்றைப்படை எண் போட்ட புத்தகம் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். நம் ஹாஸ்டலில் நீயும் கலாவும் பக்கெட்டைப் பிரித்துக்கொண்டதற்கு இது எவ்வளவோ மேல்.

ஹாஸ்டல் என்றதும் வார்டன் ஞாபகம் வருகிறார். இங்கே எல்லாரும் 'அந்தரங்க உரிமைக்கு எப்படி வந்தீர்கள்' என்று கேட்பார்கள். ஜெர்மானிய அரசியல் சட்ட நீதிமன்றம் 1983-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் சொன்ன தீர்ப்பைப் படித்து வந்தேன் என்று பந்தாவாகச் சொல்வேன். உண்மையில் நம் இன்லேண்டு லெட்டர்களைப் பிரித்துப் படித்துவிட்டு எச்சில் தொட்டு ஒட்டித் தருவாரே, அங்கேதான் ஆரம்பம். 'சித்தப்பா' கடிதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் புரட்டுகிறது. உனக்கும்தான்.

தொழில் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். 2018 மே 25-ல் ஜிடிபிஆர் நடைமுறைக்கு வருவதற்கு முன்னால் என் தரவுப் பாதுகாப்பு வகுப்பில் பதினோரு பேர். அப்புறம் உட்கார இடம் இல்லை. கம்பெனிகளெல்லாம் இந்தப் படிப்புக்காரர்களை அள்ளிக்கொண்டு போகின்றன. மொழி உரிமை வகுப்பில் இன்றைக்கும் பதினோரு பேர்தான். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம்தான் என் வேலை என்றால் மூத்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் காபி எடுக்கப் போய்விடுவார்கள்.

தொடுகிற இடம் எதுவென்று நீயே பார். எனக்கு வங்கியிலிருந்து கடிதம் 'மதிப்பிற்குரிய திரு. சண்முகசுந்தர' என்றுதான் வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறதல்லவா. அதில் கடைசி எழுத்து இடம் பற்றாமல் வெட்டுப்பட்டுவிட்டது. அப்பா போய்ப் பதினோரு வருடம். இங்கே மாதா மாதம் அவருக்குக் கடன் கொடுக்கிறேன் என்று ஒருவன் கெஞ்சுகிறான். இதே ஊர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2019-ல் ஒரு வழக்கு. தன் பெயரில் எழுத்தின் மேல் வர வேண்டிய குறியைப் போடச் சொல்லி ஒருவர் ஒரு வங்கியைக் கேட்டார். எங்கள் கணினி பழசு, அதில் அந்தக் குறி வராது என்றது வங்கி. தப்பான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை ஜிடிபிஆரின் 16-வது பிரிவில் இருக்கிறது, பெயரைச் சரியாக எழுதத் தெரியாத கணினியைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். 1993-ல் இப்படி இல்லை. ஜெர்மனியில் மசாஜ் தொழில் செய்த ஒரு கிரேக்கர், தன் பெயரை லத்தீன் எழுத்தில் அலங்கோலமாக எழுதிவிட்டார்கள் என்று லக்சம்பர்க் வரை போனார். உச்சரிப்பு மாறி வாடிக்கையாளர்கள் ஆளை மாற்றி நினைக்கும் அளவுக்குப் போனால் மட்டும் தவறு என்றார்கள். பெயர் கெடலாம், வியாபாரம் கெடக் கூடாது. நான் இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், என் வங்கிக்கு ஒரு கடிதம் போடவில்லை. அப்பா பெயரில் கவர் வருவது பிடித்துப் போய்விட்டதோ என்னவோ.

செல்வி, இனி வருவதை யாரிடமும் சொல்லாதே. உனக்கு எழுதுவதே சரியா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பெயர், இடம் எதுவும் சொல்ல மாட்டேன்.

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எதிரே யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், எழுபது வயது இருக்கும். துணைக்குப் பேரன், பன்னிரண்டு பதிமூன்று வயது. கவுன்டரில் இருந்த பெண் பிரெஞ்சில் 'என்ன தொந்தரவு' என்று கேட்டாள். பையன் திரும்பி அம்மம்மாவைக் கேட்டான். "வயித்துக்குள்ள நோகுது எண்டு சொல்லு ராசா." சொன்னான். எங்கே, எத்தனை நாளாக, வேறு ஏதாவது உண்டா என்று அவள் மேலும் மேலும் கேட்கக் கேட்கப் பையனுக்குக் காது சிவந்துபோயிற்று. நான் எழுந்து போய் உதவட்டுமா என்றேன். "பிள்ளை, நீங்கள் தமிழோ?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பையனைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பினார். அவன் கதவைத் தாண்டுகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம்தான் காதருகே வந்து, "ஆறு மாசமா ரத்தம் போகுது. பெடியனிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது?"

ஆறு மாதம். அந்த ஆஸ்பத்திரிக் கணினியில் அவருடைய நோய்க் குறிப்பு ஏழு பூட்டுக்குள் இருக்கும். உடல்நலத் தகவலுக்கு ஜிடிபிஆரின் ஒன்பதாவது பிரிவு தனிக் காவல். ஆனால் அந்தக் குறிப்பு கணினிக்குள் போக ஒரே வழி பேரனுடைய வாய். நாங்கள் அறுபது பக்கக் கட்டுரை எழுதிச் சண்டை போடுவதெல்லாம் பூட்டைப் பற்றித்தான். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று 2010-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் வந்துவிட்டது. அந்த அம்மா யார் பணப்பையையாவது திருடியிருந்தால் தமிழில் பேச ஆள் கிடைத்திருக்கும். சிறுபான்மை மொழிகளுக்கென்று ஐரோப்பா 1992-ல் ஒரு சாசனம் எழுதியது. குடியேறிகளின் மொழி இதில் அடங்காது என்று முதல் பிரிவிலேயே கோடு போட்டுவிட்டார்கள். பெல்ஜியம் அதிலும் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டு வகுப்புக்கும் நடுவே நான் தேடிக்கொண்டிருந்த இடம் அந்தக் கவுன்டர்தான் என்று தோன்றுகிறது. அடுத்த புத்தகம் இதைப் பற்றித்தான், ஒரு பதிப்பகமும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. நீ சும்மா கேட்ட ஒரு கேள்விதான் இதற்கும் பிள்ளையார் சுழி. நம் ஊர்த் தரவுச் சட்டம் தேறுமா என்று கேட்டாயே, 2023 சட்டம்? அரசாங்கத்துக்கு அதில் கொடுத்திருக்கும் விலக்குகளைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது, அது தனிக் கடிதம். ஆனால் ஒன்று: தகவல் கேட்கிறவன் கொடுக்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ நம் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஜிடிபிஆரில் 'தெளிவான, எளிய மொழி' என்றுதான் இருக்கிறது, எந்த மொழி என்று இல்லை. டிக்டாக் டச்சுக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் மட்டும் அறிவிப்புக் கொடுத்ததற்கு 2021-ல் நெதர்லாந்தில் ஏழரை லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள், அதுவும் வியாக்கியானம் செய்துதான். நம்மவர்கள் நேராகவே எழுதிவிட்டார்கள். இங்கே ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னேன். இந்தியாவிடம் கற்றுக்கொள்ளவா என்பது போல ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை மறுபடி டாக்டர். நான் கூடப் போகிறேன். எனக்குப் பிரெஞ்சும் அரைகுறைதான், கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட வார்த்தைகளை நேற்று உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். டச்சுக்குச் செப்டம்பரில் மறு தேர்வு. மதியச் சாப்பாட்டு மேஜையில் இனி என்னிடம் யாரும் ஆங்கிலம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரமாக ஊமை மாதிரி சாப்பிடுகிறேன். நேற்று முன்தினம் ஒரு ஜோக் புரிந்தது. மற்றவர்கள் சிரித்து முடித்து ரொம்ப நேரம் கழித்து.

இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது. கலாவின் தம்பி ஜூலையில் வருகிறானாம், கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
(வங்கிக் கணக்குப்படி) திரு. சண்முகசுந்தர

பி.கு: அம்மாவைப் பார்த்தால் தேர்வைப் பற்றி மூச்சு விடாதே. பாஸாகிவிட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய்கூட உடைத்துவிட்டார்களாம்.