கம்பு தரையில் இருக்கட்டும்

அன்புள்ள யாழினி,

கடிதம் கிடைத்தது. குதிரையில் தடை தாண்டும் வகுப்பில் தடையைப் பார்த்ததும் வயிறு கலங்குகிறது, வாய் உலர்கிறது, ஆனாலும் அடுத்த வாரம் 80 சென்டிமீட்டருக்கு ஏற்ற ஒத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்மா. கோச்சிடம் நேராகப் பேசி, கம்பைத் தரைக்கு இறக்கச் சொல். பயத்தை வைத்துக்கொண்டு உயரத்தைக் கூட்டினால் எப்படியோ ஒரு தடவை தாண்டிவிடலாம். அடுத்த தடவை ஒரு சின்னத் தடுமாற்றம் போதும், பயம் இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உன் மனசு குதிரைக்குத் தெரியாது. கையும் கண்ணும் மூச்சும்தான் அதற்குத் தெரியும். பயந்தவருக்குத் தடைக்கு மூன்று ஸ்ட்ரைட் (குதிரையின் ஒரு முழுப் பாய்ச்சல்) இருக்கும்போதே கை தானாக லகானை இழுக்கும், பார்வை கம்பின் அடியில் போய் நிற்கும், மூச்சு அடைபடும், முட்டி சேணத்தை இறுக்கும். முட்டி இறுகினால் கீழ்க்கால் பின்னால் ஆடும், குதிகால் மேலேறும், உடம்பு முன்னால் சாயும். அந்த நேரம் பார்த்துக் குதிரை நின்றால் நீ அதன் கழுத்தின் மேல் கிடப்பாய். குதிரைக்கு வேறு கஷ்டம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னால் அதற்குப் பார்வை கிடையாது. தலையை ஏற்றி இறக்கித்தான் தடையைப் பார்த்துக்கொள்கிறது. அந்தத் தலையை நீ இழுத்துப் பிடித்தால் அதற்கும் சந்தேகம் வந்துவிடும். சுவீடனில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், போகிற வழியில் ஒரு குடை விரியப்போகிறது என்று குதிரையோடு போகிறவர்களிடம் சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் அவர்களுடைய இதயத் துடிப்பும் ஏறியது, குதிரையின் துடிப்பும் ஏறியது.

நீ ஏறுவது ரேஸிலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேஸ் குதிரை லகானின் இறுக்கத்தில் சாய்ந்து ஓடிப் பழகியது. நீ பயந்து இழுக்க இழுக்க அது வேகத்தைக் கூட்டும். "என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது" என்று நீ எழுதியது இதைத்தான். இழுத்துப் பிடிப்பதற்குப் பதிலாக, பிடித்து உடனே விடு, பிடித்து விடு. அப்படியும் அடங்கவில்லையா, தடைக்கு வெகு முன்னாலேயே 20 மீட்டர் வட்டத்தில் திருப்பு. வேகம் சீரானபின் தடைக்கு வா. கடைசி மூன்று ஸ்ட்ரைடில் மட்டும் திருப்பாதே. விலகி ஓடுவது எப்படி என்று நீயே அதற்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

இனி வேலை. முதல் வாரம் தரையில் கிடக்கும் கம்பு மட்டும். ட்ராட்டுக்கு, அதாவது குதிரையின் துள்ளு நடைக்கு, நாலரை அடி இடைவெளியில் நாலு கம்பு. குதிரை கம்பை மிதித்தால் இடைவெளி அதன் நடைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அரையடிக்குள் கூட்டிக் குறைத்துப் பார். அது சுலபமானதும் 60 அடி இடைவெளியில் இரண்டு கம்பு போட்டு கேன்டரில், அதாவது மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில், போ. கேன்டரில் ஒரு ஸ்ட்ரைட் சுமார் 12 அடி என்பது கணக்கு. அரீனாவுக்குள் (பயிற்சி மைதானம்) கொஞ்சம் குறையும். அதனால் இரண்டு கம்புக்கும் நடுவில் நாலு ஸ்ட்ரைட் வரலாம், ஐந்தும் வரலாம். வாய்விட்டு எண்ணு. எண்ணுகிறவளால் மூச்சை அடக்கி வைக்க முடியாது. பிறகு வேண்டுமென்றே நாலு, அடுத்த சுற்று வேண்டுமென்றே ஐந்து. ஸ்ட்ரைடை நீட்டவும் குறுக்கவும் உன்னால் முடிகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். தடை என்பது இதே கேன்டரின் நடுவில் கொஞ்சம் பெரிதாக வரும் ஒரு ஸ்ட்ரைட், அவ்வளவுதான்.

அதன்பின் கிராஸ், அதாவது இரண்டு கம்பைக் குறுக்கே வைத்த தடை. நடுவில் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். அதற்கு முன்னால் 8 முதல் 9 அடியில் தரையில் ஒரு கம்பு. ட்ராட்டில் வரும் குதிரை சரியான இடத்தில் எழும்ப அது உதவும், எங்கே எழும்பும் என்ற கவலையும் உனக்கு மிச்சம். பத்துத் தடவை ஒரே மாதிரி வந்தால் 18 அடி தள்ளி இன்னொரு சின்னத் தடை: இறங்கி, ஒரு ஸ்ட்ரைட், மறுபடி எழும்புதல். தடையின் அடியில் ஒரு கம்பு எப்போதும் உன் பக்கமாகவே இருக்க வேண்டும். தடைக்குப் பின்னால் கிடந்தால் குதிரை தூரத்தைத் தப்பாகக் கணக்கிட்டு ரொம்பக் கிட்டே வந்துவிடும். தடைக்குக் கீழே டிரம் வைத்தால் உருளாமல் முட்டுக் கொடுக்கச் சொல். ஸ்டாண்டில் கம்பைத் தாங்கும் கப்பில் காலியாக நிற்பதையெல்லாம் கழற்றிவிடச் சொல். விழுகிறவரைக் கிழிப்பது அதுதான்.

அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) தொங்கும் வாரை இரண்டு துளை குறைத்துக் கட்டு. குதிரையின் கழுத்தில் ஒரு பழைய அங்கவடி வாரைப் பட்டையாகக் கட்டி, தடைக்கு இரண்டு ஸ்ட்ரைட் முன்னாலேயே அதையோ பிடரி மயிரையோ பிடித்துக்கொள். கழுத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே பிடி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிடித்த கை குதிரையின் வாயை இழுக்காது. இடுப்பிலிருந்து மடி, தோளை முன்னால் வீசாதே, குதிரை எழும்பி உன்னிடம் வரட்டும். அந்தக் காலத்தில் தாண்டும்போது பின்னால் சாய்ந்து லகானில் தொங்குவார்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதெரிகோ காப்ரில்லி (1868–1907) அதை மாற்றி, முன்னால் வந்து குதிரையின் கழுத்துக்குச் சுதந்திரம் கொடுக்கச் சொன்னார். இன்றைக்கு எல்லோரும் உட்காருவது அந்த வழிதான். பார்வையை அரீனாவின் எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியில் வை, தரையிறங்கிய பின்னும் அங்கேயே நேராகப் போ.

குதிரை நின்றுவிட்டால் அடிக்காதே. தடையைக் குறை, மறுபடி வா, குதிகாலால் அழுத்தி, தாண்டச் சொல்லி முன்கூட்டியே கேள். எப்போதும் தாண்டும் குதிரை திடீரென்று மறுத்தால் முதுகு, சேணம், பல், கால் எல்லாவற்றையும் பார்க்கச் சொல். வலியைப் பிடிவாதம் என்று நினைத்து அடிப்பதுபோல் கொடுமை வேறில்லை.

"விழுந்தால் உடனே திரும்ப ஏறிவிடணும்" என்பார்கள். தலையில் அடிபட்டிருந்தால் ஏறக் கூடாது. அன்றைக்கு சவாரி முடிந்தது, டாக்டரிடம் போ, அந்த ஹெல்மெட்டையும் மாற்று. உள்ளே நசுங்கியது வெளியே தெரியாது. அங்கவடி உன் பூட்ஸைவிட ஒரு அங்குலம் அகலமாக இருக்கிறதா என்று இன்றே பார். குறுகலாக இருந்தால் கால் மாட்டிக்கொள்ளும்.

வாரம் இரண்டு நாள் போதும், ஒரு வகுப்பில் இருபது தாண்டலுக்கு மேல் வேண்டாம். நல்லதாக ஒன்று வந்ததும் நிறுத்திவிடு; "இன்னும் ஒன்றே ஒன்று" என்று யார் சொன்னாலும் கேட்காதே. கோச் முகம் சுளித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. 60 அடி கம்பில் நாலு வந்ததா ஐந்து வந்ததா என்று சனிக்கிழமை ராத்திரி போன் செய்.

அன்புடன்,
அம்மா