பணம் கட்டியது தோல்வி என்று காட்டும் பக்கத்தில் தேதியும் எண்ணும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன்னார்குடியில் பன்னிரண்டு வருடமாகப் பிரௌசிங் சென்டர் நடத்துகிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் இரண்டு மாதத்துக்கு உட்கார நேரம் இருக்காது. போன வருடம் அந்தச் சமயத்தில் ஒரு அப்பாவும் மகளும் கல்லூரி விண்ணப்பம் போட வந்தார்கள். எல்லாம் நிரப்பி முடித்து, அப்பா தன் போனில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டினார். அவர் கணக்கில் பணம் போய்விட்டது. என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'பணம் செலுத்துவது தோல்வி' என்று ஒரே ஒரு வரி. விண்டோஸ் பட்டனையும் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனையும் சேர்த்து அழுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். கடைசித் தேதி நெருங்கியதால், இன்னொரு முறை பணம் கட்டி அனுப்பிவிட்டோம்.

எட்டு நாள் கழித்து அவர் மட்டும் வந்தார். பணம் திரும்பி வரவில்லையாம், கல்லூரியில் ஆதாரம் கேட்கிறார்களாம். ஃபோல்டரைத் திறந்தேன். ஆயிரத்துக்கும் மேல் படங்கள். எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் என்ற ஒரே பெயர், பக்கத்தில் ஒரு எண். அந்த ஒரு நாளில் மட்டும் அதே தளத்தில் ஏழு பேருக்கு இப்படி ஆகியிருந்தது. ஏழு படத்திலும் அதே ஒரு வரிதான். யார் பெயரும் இல்லை, விண்ணப்ப எண்ணும் இல்லை. அவர் போனில் பணம் போன நேரம் மாலை 4.17. ஒரு படத்தின் வலது கீழ் மூலையில் கணினிக் கடிகாரம் 4.19 காட்டியது. அதுதான் அவருடையது. மற்ற ஆறு படங்களில் நான்கில், கடையில் வேலை பார்க்கும் பையன் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தான், கடிகாரமே இல்லை. கோப்பு உருவான நேரத்தைக் கணினியில் நான் பார்த்துக்கொள்ளலாம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் அந்த அலுவலகத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, யுபிஐ மூலம் கட்டிய பணம் போய்ச் சேரவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் கணக்குக்குத் தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். இது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்றைக்கு, எத்தனை மணிக்குப் போனது, எந்தப் பரிவர்த்தனை எண் என்று காட்டினால்தானே கேட்க முடியும்? அந்தப் படத்தையும் போனில் இருந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்து வங்கிக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது.

அன்றிலிருந்து கடையில் முழுத் திரையையும்தான் எடுக்கிறோம். வாடிக்கையாளர் எழுந்து போவதற்குள் எஃப்2 தட்டிப் பெயர் மாற்றிவிடுவோம். ஆண்டு, மாதம், தேதி, அவர் பெயர், விண்ணப்ப எண்ணின் கடைசி நான்கு இலக்கம். ஆண்டை முதலில் போட்டால்தான் கணினி தேதி வரிசைப்படி அடுக்கும். இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆயிரம் படங்களைப் புரட்டியபோது எனக்கே பயமாக இருந்தது. எத்தனை பேருடைய ஆதார் எண், வங்கி இருப்பு, மார்க்‌ஷீட்! எவர் வந்து உட்கார்ந்தாலும் பார்க்கிற மாதிரி கிடந்தது. எந்த வேலைக்காக விவரத்தை வாங்கினோமோ அது முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்றுதான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. வேலை முடிந்தவர்களின் படங்களை இப்போது மாதம் ஒருமுறை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறேன். சென்டர் நடத்தும் மற்றவர்களும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

விண்ணப்பத் தளங்களை நடத்துபவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். பணம் கட்டியது தோல்வி என்று காட்டும் பக்கத்திலேயே தேதி, நேரம், விண்ணப்ப எண், பரிவர்த்தனை எண் நான்கையும் பெரிய எழுத்தில் போடுங்கள். ரசீதில் போடுகிற அதே விவரம்தான். அடுத்த ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்குள் செய்து கொடுத்தால், எங்கள் கடை பெஞ்சில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பிரௌசிங் சென்டர் நடத்தும் ஒரு வாசகி,
மன்னார்குடி.