குரல் இருந்தால் போதுமாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் தொழில் வழிகாட்டி இணைப்பில், வானொலி, தொலைக்காட்சியில் விஞ்ஞானச் செய்தியாளர் ஆவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. என் பேத்தி உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். அவளுக்காக வெட்டி வைக்கலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். மூன்றாவது பந்தியில் கை நின்றுவிட்டது. "நல்ல குரலும் தெளிவான உச்சரிப்பும் இருந்தால் போதும், விஞ்ஞானத்தைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். அகப்பை நல்லதாக இருந்தால் போதும், அரிசியை அப்புறம் பார்க்கலாம் என்கிற மாதிரி.

2004 டிசம்பர் 26ஐ உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் சேர்ந்து வந்த நாள். சுமாத்ராவுக்குப் பக்கத்தில் கடலடி அதிர்ந்தபோது நம் நேரம் காலை ஏழுக்கு ஒரு நிமிடம் குறைவு. கடல் நம் கிழக்குக் கரையில் ஏறியது எட்டரைக்குப் பிறகு. ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்திலேயே அறிக்கை விட்டது, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்று. கடலடி அதிர்வு என்ன செய்யும் என்று தெரிந்த ஒருவர் அன்று ஏதாவதொரு ஒலிபரப்பு அறையில் இருந்திருந்தால், "சரி, சுமாத்ராவின் இந்தப் பக்கம் என்ன கதி?" என்றாவது கேட்டிருப்பார். எங்கள் வீட்டில் வானொலி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாட்டுக்குப் பாட்டு நடுவே பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். குரல் மிக நன்றாக இருந்தது. நிலாவெளியில் என் மச்சாள் வீட்டுக் கூரைமரத்தில் கடற்பாசி தொங்கியதை மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். அவளும் பிள்ளைகளும் கோயிலுக்குப் போயிருந்தபடியால் பிழைத்தார்கள்.

அதே டிசம்பர் 26ஆம் திகதி 2019இல் வளையச் சூரிய கிரகணம் வந்தது. சூரியனை எப்படிப் பாதுகாப்பாகப் பார்ப்பது என்று முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். நீங்கள் போடவில்லை. எந்த ராசிக்காரர் வெளியே தலைகாட்டக் கூடாது என்று அரைப் பக்கம் போட்டீர்கள். இடநெருக்கடியாக இருந்திருக்கும், புரிகிறது.

எனக்கும் இந்தத் தொழிலில் ஒரு ஆசை இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஓர் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு, திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றி 15 நிமிடப் பிரதி எழுதிக் கொடுத்தேன். பாடசாலை ஆய்வுகூடத்து வெப்பமானியை நூலில் கட்டி ஏழு கிணற்றிலும் இறக்கி, காலையும் மாலையும் அளந்தது. குளிக்க வந்தவர்கள் என்னை மருந்து போட வந்தவள் என்று நினைத்தார்கள். ஒலிபரப்பானபோது 4 நிமிடம்தான். கிணறுகளை இராவணன் உண்டாக்கினான் என்ற கதை முழுதாக இருந்தது, வெப்பமானி போன இடம் தெரியவில்லை. கேட்டதற்கு, "ரீச்சர், சனத்துக்கு இது காணும்" என்றார்கள்.

பிரித்தானியத் தொலைக்காட்சியில் வானியல் சொன்ன பட்ரிக் மூரைக் காட்டி, பட்டமே தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினொரு வயதில் பிரித்தானிய வானியல் சங்கத்தில் சேர்ந்து, தொலைநோக்கியில் கண் வைத்து நிலவின் விளிம்பை வரைந்து பழகியவர் அவர். அதற்குப் பிறகுதான் 1957இல் பீபீசி தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தார், 2012இல் இறக்கும் வரை எழும்பவில்லை. அவருக்குக் குரல் ஒரு பொருட்டா?

பக்கத்து மூலையில் ஆர்தர் சி. கிளார்க்கின் படம், கீழே "கொழும்பில் வாழ்ந்த கதாசிரியர்" என்று ஒரு வரி. 1969இல் சந்திரனில் மனிதன் இறங்கியபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து விளக்கியவர் அவர். கட்டுரையின் விஷயமே அதுதானே? 1956இல் அவரும் கூட முக்குளித்த நண்பர் மைக் வில்சனும் எங்கள் கோணேசர் மலையடியில் மூழ்கி, இடிந்த பழைய கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டதையும் விட்டுவிட்டீர்கள். திருகோணமலை என்றால் உங்களுக்கு விபத்துச் செய்தி மட்டும்தான் நினைவுக்கு வரும் போல. இங்கே பல்கலைக்கழக வளாகத்தில் தொடர்பாடலும் கற்பிக்கிறார்கள், பிரயோக விஞ்ஞானமும் கற்பிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி உண்டா என்று ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டிருக்கலாம்.

சரி, எழுத வந்த விஷயம். அந்தப் பக்கத்தின் அடியில் எந்தக் கற்கைநெறிக்கு என்ன தகுதி, விண்ணப்ப முடிவுத் திகதி என்ன என்று ஓர் அட்டவணை இருந்தது. அதன் வலது பாதி நகைக்கடை விளம்பரத்துக்கு அடியில் போய்விட்டது. திகதி முழுவதும் அந்தப் பாதியில்தான். அடுத்த ஞாயிறு அதை மட்டும் மறுபடி போட்டுவிடுங்கள். எழுத்து பொடியாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடி போட்டு நானே வாசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.